போகிற போக்கில் பிரெஞ்சு

பிரெஞ்சு கற்க ஆசைப்பட்டு, வினைச்சொல் அட்டவணையைப் பார்த்ததும் ஓடிவந்த நண்பர்களுக்கு ஒரு நல்ல செய்தி. அந்த பாஷையின் எதிர்காலத்தில் பாதியை நாம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறோம்!

'சாப்பிடப் போறேன்' என்கிறோம். கால் ஓர் அங்குலம் நகர்வதில்லை; ஆனாலும் 'போறேன்'. பிரெஞ்சிலும் அச்சாக இதேதான். 'அலே' என்றால் போவது, 'மான்ஜே' என்றால் சாப்பிடுவது. 'ஜ வே மான்ஜே' - சாப்பிடப் போகிறேன். தீர்ந்தது விஷயம்.

ஆளுக்கேற்ப மாறுவது 'போ' மட்டும்தான். நான் 'வே', நீ 'வா', அவனும் அவளும் 'வா', நாம் 'அலோன்', நீங்கள் 'அலே', அவர்கள் 'வோன்'. (அந்த 'ன்' மூக்கோடு நிற்கட்டும்.) பின்னால் வரும் வினைச்சொல் யாருக்காகவும் அசையாது, சீனியர் கிளார்க் மாதிரி! சாதா எதிர்காலத்தில், 'இரு' என்று பொருள்படும் 'எத்ர்' திடீரென்று 'ஸரே' ஆகிக் கழுத்தை அறுக்கும். இங்கே அந்த வம்பே இல்லை.

மறுக்க வேண்டுமா? 'வே'க்கு முன்னால் 'ந', பின்னால் 'பா'. 'ஜ ந வே பா மான்ஜே' - சாப்பிடப் போவதில்லை. பேச்சில் 'ந'வையும் முழுங்கிவிடுகிறார்கள்.

எங்கே இதைச் சொல்வது? மேகம் கறுத்திருக்கிறது, 'மழை வரப் போகுது' என்கிறோமே, அங்கே. அறிகுறி கண்ணெதிரே இருக்க வேண்டும். அல்லது மனசில் முடிவாகியிருக்க வேண்டும்.

'கல்யாணம் பண்ணிக்குவேன்' என்பது ஆசை. 'பண்ணிக்கப் போறேன்' என்றால் மண்டபம் பார்த்தாயிற்று. காத்திருக்கிற பெண்ணுக்கு இந்த வித்தியாசம் எந்த பாஷையிலும் புரியும்.