நாக்கு ஒட்டிக்கொள்வது ஏன்?

மில் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் கணீரென்று பேசுகிற தொழிலாளிதான். சம்பளத்தில் பிடித்துவிட்ட இரண்டு நாள் கூலியைக் கேட்க மேனேஜர் அறைக்குள் நுழைகிறார். நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வாய் உலர்ந்துவிடுகிறது. ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி விடுகிறார். கூலி போனது போனதுதான். நடவு வயலில் ஊரே கேட்கப் பாடுகிற பெண், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா முன்னால் தன் பெயரைச் சொல்லத் திணறுகிறார். 'நான் கோழை' என்று இவர்கள் தம்மைத் தாமே நொந்துகொள்கிறார்கள்.

இது கோழைத்தனம் அல்ல. ஆபத்து என்று மூளை எண்ணியதும், சிறுநீரகங்களின் மேலே உள்ள சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயம் வேகமாக அடித்துக் கைகால்களுக்கு ரத்தத்தை அனுப்புகிறது. பாம்பைக் கண்டால் துள்ளி ஓட வைப்பதும் இதே ஏற்பாடுதான். மேனேஜர் பாம்பல்ல, ஆனால் உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரிவதில்லை.

சிலருக்கு இந்தக் கூச்சம் பிறவிச் சுபாவத்தோடு வருவது. வேறு சிலருக்கு வாழ்க்கை கற்றுக்கொடுத்தது. கீழத் தஞ்சைப் பண்ணைகளில் எதிர்த்துப் பேசிய கூலியாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் கிடைத்தன. வாய் திறந்தால் அடி என்று கண்ட வீட்டில் பிள்ளைக்கு நாக்கு எப்படி எழும்? 1940-களில் தோழர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் சேரி சேரியாகச் சென்று சங்கம் கட்டினார்கள். கூட்டாக நின்றுதான் உழைப்பாளிகள் அந்தக் கொடுமையை ஒழித்தார்கள்.

கற்ற பயத்தை மறக்கவும் முடியும். 1904-ல் நோபல் பரிசு பெற்ற ருஷ்ய விஞ்ஞானி பாவ்லவ், நாய்களை வைத்துச் சோதனைகள் செய்தார். சோறு வரும் என்று காட்டும் சைகைக்கே நாயின் வாயில் எச்சில் ஊறியது. சோறு போடாமல் சைகையை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டியபோது, எச்சில் ஊறுவது குறைந்தது. பயமும் இப்படித்தான். ஒதுங்கி ஓடினால் அது வளரும். எதிரே போய் நின்று, நினைத்த கேடு நடக்கவில்லை என்று பலமுறை கண்டால் தேயும்.

ஆகவே சிறிதிலிருந்து தொடங்குவோம். முதலில் பக்கத்து ஷெட் தோழரிடம் ஒரு சந்தேகம் கேட்பது, பிறகு மேஸ்திரியிடம், அதன் பிறகு மேனேஜரிடம். துணைக்கு ஒருவரை அழைத்துப் போவோம். சொல்ல வேண்டியதைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்வோம். மூச்சை மெதுவாக விடுவோம். நடுங்கும் நம் கையைப் பாராமல் எதிரிலிருப்பவர் முகத்தைப் பார்ப்போம். தைரியத்துக்குக் குடிப்பது மட்டும் வேண்டாம். அது பயத்தைப் போக்காது, கூலியைத்தான் போக்கும்.

ஊழியர்களாகிய எங்கள் மீதும் குற்றம் உண்டு. கூட்டத்தில் நாங்களே இரண்டு மணி நேரம் பேசிவிட்டு, 'யாராவது பேசுகிறீர்களா?' என்று கேட்டால் யார் எழுவார்? திக்கிப் பேசுகிறவரைக் கண்டு சிரிப்பதை அனுமதிக்கலாகாது. பின்வரிசையில் இருக்கும் பெண்களும் புதியவர்களும் இரண்டு வார்த்தையாவது பேசிய பிறகே கூட்டம் முடிய வேண்டும்.

பயத்தால் வேலைக்கே போக முடியவில்லை, தூக்கமில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். இதற்குச் சிகிச்சை உண்டு. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லலாம். 14416 என்ற அரசு எண்ணுக்குக் காசில்லாமல் போன் செய்து பேசலாம். இதில் வெட்கம் எதுவும் இல்லை.

குரல் நடுங்கட்டும், தோழர்களே! நடுங்கும் குரலில் கேட்டாலும் நியாயம் நியாயமே. கேட்காத கூலிதான் கைக்கு வருவதில்லை.