'வைத்திருந்தார்' என்பதும் 'வாங்கினார்' என்பதும்

சென்னையையும் அந்தமானையும் இணைக்கும் கடலடி ஒளியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று பயன்பாட்டிற்கு வந்தது. பாம்பூஃப்ளாட் துறையில் சாத்தம் படகுக்குக் காத்திருப்பவரின் கைப்பேசியிலும் 'டோலி கன்னா வாங்கிய பங்குகள்' என்னும் தலைப்பு இன்று சென்னையில் தோன்றும் நேரத்திலேயே தோன்றிவிடுகிறது. ஆனால் அது குறிக்கும் கொள்முதல் பல வாரங்களுக்கு முன்பே முடிந்திருக்கக்கூடும்.

காலாண்டு முடிந்த 21 நாள்களுக்குள் பங்குதாரர் விவரத்தை நிறுவனங்கள் அளிக்க வேண்டும் என்பது செபியின் விதி. நிறுவனர் தரப்பைச் சாராதவர்களில் 1 விழுக்காடோ அதற்கு மேலோ வைத்திருப்போரின் பெயர்களே அதில் இடம்பெறும். சென்னையைச் சேர்ந்த டோலி கன்னாவின் பெயர் (முதலீட்டை நிர்வகிப்பவர் கணவர் ராஜீவ் கன்னா என்பது சந்தை அறிந்ததே) பெரும்பாலும் இவ்வழியாகவே வெளிவருகிறது. மார்ச் 31 அன்று இத்தனை பங்குகள் இவர் பெயரில் இருந்தன என்று ஆவணம் ஒரு நிலையைச் சொல்கிறது. ஏப்ரல் மாதத் தலைப்பு அந்நிலையை 'வாங்கினார்' என்னும் செயலாக மாற்றிவிடுகிறது. எந்த நாளில், எந்த விலையில், என்ன காரணத்தால் என்பவை ஆவணத்தில் இல்லை. ஒரே நாளில் 0.5 விழுக்காட்டிற்கு மேல் கைமாறினால் அன்றே விலையுடன் வெளியாகும் என்பது உண்மையே; சிறுகச் சிறுக விற்பவர் அதில் அகப்படுவதில்லை.

பெயர் மறையும்போது நேரும் பிழை இன்னும் பெரிது. 1.02 விழுக்காடு 0.98 ஆகக் குறைந்தால் பட்டியலில் பெயர் இராது. உடனே 'முற்றிலும் வெளியேறினார்' என்று எழுதப்படுகிறது. விற்கப்பட்டது வெறும் 0.04 விழுக்காடாக இருக்கலாம். நிறுவனம் புதிய பங்குகளை வெளியிட்டிருந்தால், ஒரு பங்கும் விற்காமலேயே விகிதம் சரிந்திருக்கவும் கூடும். அத்தலைப்பை நம்பிப் பதறி விற்பவரின் நட்டம் மட்டும் ஐயத்திற்கு இடமற்றது.

தம்மைப் பலர் பின்தொடர்வதைப் பெருமுதலீட்டாளர்கள் நன்கறிவர். அமெரிக்காவில் இதற்கான கெடு 45 நாள்கள். அதுவும் போதாமல், 2023 இல் வாங்கத் தொடங்கிய சப் காப்பீட்டு நிறுவனப் பங்குகளை ஒழுங்காற்று அமைப்பின் இசைவுடன் 2024 மே வரை மறைத்து வைத்திருந்தது வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்தவே. வாங்கி முடிக்குமுன் செய்தி கசிந்தால் விலை ஏறிவிடும். பின்தொடர்பவர் வாங்குவது அந்த ஏறிய விலையில்தான். பங்குகள் அரிதாகவே கைமாறும் சிறு நிறுவனங்களில் இந்த வேறுபாடு மேலும் கடுமையானது. அவர் விற்க விரும்பும் நாளில், வாங்குவதற்கு ஆயத்தமாக நிற்போரும் இவர்களே.

இப்பட்டியல்கள் பயனற்றவை அல்ல. எந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் படிக்கலாம் என்பதற்கு அவை நல்ல தொடக்கம். தமிழ் வணிகப் பக்கங்கள் தலைப்பிலேயே 'மார்ச் 31 நிலவரப்படி வைத்திருந்தார்' என்று எழுதலாம். கூடுதலாகச் செலவாவது இரண்டு மூன்று சொற்களே.