ஹீமோகுளோபின் 13 இருந்தா போதுமா?

"ரத்தம் நல்லாத்தான் இருக்கு, ஹீமோகுளோபின் 13. வயசாச்சுல்ல, மூச்சு வாங்கத்தான் செய்யும்!" இதயம் பலவீனமான பெரியவங்களுக்கு இப்படி ஒரு பதிலைச் சொல்லி அனுப்பி வைக்கிறதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருது. ஏன்னு சொல்றேன், கேளுங்க.

இதயச் செயலிழப்புன்னா இதயம் நின்னு போறது இல்லை நண்பர்களே. ரத்தத்தைப் பம்ப் பண்ற பலம் குறையறது. கால் வீங்கும், படுத்தா மூச்சு முட்டும், நாலு எட்டு வச்சா களைப்பு. இவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரும்புச்சத்து பற்றாக்குறையும் இருக்கு. ஆனா அது ஹீமோகுளோபின்ல உடனே தெரியாது! உடம்போட இரும்புக் கையிருப்பு கரைஞ்சாலும் ஹீமோகுளோபின் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். அதுக்குள்ள தசையும் இதயமும் சக்தி தயாரிக்க இரும்பு இல்லாம திண்டாடும்.

கண்டுபிடிக்க ரெண்டே ரத்தப் பரிசோதனை: ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன். ஃபெரிட்டின் 100-க்குக் கீழே, அல்லது 100 முதல் 299 வரை இருந்து சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்குக் கீழேன்னா பற்றாக்குறை. எல்லா இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கும் அவ்வப்போது இதைப் பார்க்கணும்னு ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2021-லேயே சொல்லிடுச்சு.

"அதான் சத்து மாத்திரை தர்றாங்களே?" அங்கதான் சிக்கல். இந்த நோய்ல உடம்புக்குள்ள அழற்சி இருக்கும். அப்போ ஹெப்சிடின்னு ஒரு ஹார்மோன் கூடி, குடல்ல இரும்பு ஏறவிடாம கதவைச் சாத்திடும். 2017-ல் வந்த அயர்ன்அவுட் ஆய்வுல 16 வாரம் மாத்திரை கொடுத்தும் உழைக்கிற திறன் கூடலை. ஆனா நரம்பு வழியா ஏத்தினா? 2009-ல் 459 பேரை வச்சு நடந்த ஃபேர் ஆய்வுல, இரும்பு ஏத்தினவங்கள்ல 50 சதவீதம் பேர் தெளிவா தேறினதா சொன்னாங்க. போலி மருந்து வாங்கினவங்கள்ல 28 சதவீதம்தான். ரத்தசோகை இல்லாதவங்களுக்கும் அதே பலன்!

இது உயிரைக் காப்பாத்தும்னு நான் சொல்லலை. 2023-ல் வந்த பெரிய ஆய்வான ஹார்ட்-ஃபிட் அதை உறுதியா நிரூபிக்கலை. ஆனா முந்திரிக்காட்டுல உழைச்சு ஓய்ஞ்ச ஒரு தாத்தா மூச்சு வாங்காம மீன்சுருட்டி கடைத்தெரு வரைக்கும் நடந்து போய் வர்றது சின்ன விஷயமா?

நம்ம திட்டங்களைப் பாருங்க. 2018-ல் வந்த 'ரத்தசோகை இல்லா பாரதம்' குழந்தைகள், வளரிளம் பருவத்தினர், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கானது. தேவையான திட்டம்தான். ஆனா அதுல தாத்தாவும் இல்லை, பாட்டியும் இல்லை! 2021-ல் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு வருது. அந்த வாசல்லயே கால் வீங்கி உட்கார்ந்திருக்கிறவரோட இரும்பை யார் பார்க்கிறது?

வசதி இல்லைன்னு சொல்லாதீங்க. ரத்தசோகை உள்ள கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துலேயே அயர்ன் சுக்ரோஸ் டிரிப்ஸ் ஏத்தின அனுபவம் தமிழ்நாட்டுக்கு உண்டு. இதய நோயாளிகளுக்கான பெரிய ஆய்வுகள் வேற இரும்பு மருந்துகள்ல நடந்தவை. அதை வாங்கி வைக்கணும், அவ்வளவுதான். அரியலூர்ல 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தாச்சு. இதயச் செயலிழப்புன்னு சீட்டு எழுதுற ஒவ்வொருத்தருக்கும் இந்த ரெண்டு டெஸ்ட்டையும் அங்கே கட்டாயமாக்கணும். இரும்பு ஏன் குறைஞ்சது, குடல்ல ரத்தக் கசிவு இருக்கான்னும் பார்க்கணும்.

நாமளும் சும்மா இருக்க வேண்டாம். தானா மருந்துக்கடையில டானிக் வாங்கி ஊத்தாதீங்க. வீட்டுப் பெரியவங்களைக் கூட்டிட்டுப் போகும்போது டாக்டர்கிட்ட ஒரே கேள்வி கேளுங்க: "ஃபெரிட்டின் பார்த்தாச்சா சார்?"