தாத்தாவின் சவரக்கத்தியில் துருவா?

தாத்தா விட்டுச் சென்ற மடக்குச் சவரக்கத்தி இன்னும் சில தோட்ட வீடுகளில் அலமாரியின் மேல்தட்டில் பத்திரமாக இருக்கிறது. பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனவர்களிலும் சிலர் அதை மறக்காமல் எடுத்துப் போயிருக்கிறார்கள். பத்திரம்தான், ஆனால் திறந்து பார்த்தால் அலகெல்லாம் செம்புள்ளி!

பால்வெட்டும் கத்தியைப் பாருங்கள். தினமும் ஈரத்தில் புழங்கினாலும் சுலபத்தில் கெடுவதில்லை. தினமும் துடைத்துத் தீட்டுகிறோமல்லவா? சவரக்கத்தியோ மூடி வைத்ததாலேயே கெடுகிறது.

இரும்பும் ஈரமும் காற்றும் கூடினால் துரு பிறக்கும். நம் நாட்டுக் காற்றில் ஈரம் எப்போதும் அதிகம். துருப்பிடிக்காத எஃகை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி 1913இல் உருவாக்கினார். ஆனால் பழைய சவரக்கத்திகளில் பெரும்பாலானவை சாதாரண கார்பன் எஃகுதான். நன்றாகக் கூர் பிடிக்கும். சீக்கிரம் துருவும் பிடிக்கும்.

வராமல் தடுக்க:

சவரம் முடிந்ததும் சோப்பு நுரை போகக் கழுவி, முதுகிலிருந்து விளிம்பை நோக்கி மெல்லிய துணியால் துடையுங்கள். கைப்பிடியும் அலகும் சேரும் ஆணியிடத்தில்தான் ஈரம் ஒளிந்திருக்கும். அங்கே காகிதக் கைக்குட்டையின் நுனியைச் செருகி உறிஞ்ச விடுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் சற்று நேரம் திறந்தபடி காயவிட்டு, பிறகு மடக்குங்கள்.

நாள்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் தையல் இயந்திர எண்ணெயை ஒரு சொட்டுத் தடவி வையுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம். நாளாவட்டத்தில் பிசுபிசுத்துப் போகும். குளியலறையிலும் தோலுறையிலும் வைக்காதீர்கள். இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தைக் கத்தியோடு போட்டு வைக்கலாம்.

வந்துவிட்டால்:

மேலாகப் படிந்த துரு என்றால், எண்ணெய் தடவி ஒரு மணி நேரம் ஊறவிட்டு, துணியால் தேயுங்கள். போகாவிட்டால் குத்துவிளக்கு துலக்கும் மெட்டல் பாலிஷ் கைகொடுக்கும். அதற்கும் மசியாத இடத்தில் மட்டும் மிக நைசான எமரித் தாளை எண்ணெயில் நனைத்து மெதுவாகத் தேய்க்கலாம். விரல் எப்போதும் முதுகுப் பக்கமே இருக்கட்டும். விளிம்பைத் தொட வேண்டாம்.

புளியிலும் எலுமிச்சைச் சாற்றிலும் ஊறப்போடாதீர்கள். புளிப்பு விளிம்பை அரித்துவிடும். சுழலும் சாணைக்கல்லிலும் வைக்காதீர்கள். சூடேறினால் எஃகின் உறுதி போய்விடும்.

விளிம்பிலேயே குழி விழுந்துவிட்டால், விவரம் தெரிந்தவர் தீட்டித் தரும்வரை முகத்தில் வைக்க வேண்டாம். அது தோலைக் கீறும். ரணஜன்னி துருவினால் வருவதில்லை. மண்ணிலும் சாணத்திலும் உள்ள கிருமி காயத்தில் புகுவதால் வருகிறது. ஆனாலும் அழுக்குப்பட்ட கத்தி கீறிவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, தடுப்பூசி பற்றிக் கிளினிக்கில் கேளுங்கள். ஒருவர் கத்தியை மற்றவர் உபயோகிக்கவே கூடாது. இரத்தம் வழியாக மஞ்சள்காமாலைக் கிருமி தொற்றும்.

சவரத்துக்கு உதவாத கத்தியானாலும் தாத்தாவின் கைபட்டது. மாதம் ஒரு முறை திறந்து, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். பேரன் காலத்துக்கும் இருக்கும்.