எழுந்து நின்ற மூன்று பிள்ளைகள்



தூரா சமவெளியில் சிலையைப் பணியாமல் நின்ற மூன்று வாலிபரைக் (தானியேல் 3) குறித்து ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருக்கிறீர்கள். நம் தேசத்திலும் மூன்று பேர் நின்றார்கள். கேரளத்தில், 10, 9, 5ஆம் வகுப்புகளில் படித்த உடன்பிறந்த பிள்ளைகள் அவர்கள். பள்ளியில் தேசியகீதம் பாடப்படும்போது மரியாதையோடு எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. அவர்களுடைய மூத்த சகோதரிகளும் அதே பள்ளியில் அப்படியே நின்றிருந்தார்கள். யாரும் அதைக் குற்றமாக எண்ணவில்லை. ஒரு சட்டமன்ற உறுப்பினர் கவனித்துச் சட்டமன்றத்தில் எழுப்பிய பின்பே அது குற்றமாயிற்று. பிள்ளைகள் அவமதிப்பு எதுவும் செய்யவில்லை என்று விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தும், கல்வி அதிகாரியின் உத்தரவின்படி 1985 ஜூலை 26 அன்று வெளியேற்றப்பட்டார்கள்.

அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்னும் கூட்டத்தார். அவர்கள் உபதேசத்தை நாம் ஏற்கிறதில்லை. தேசியகீதத்தையும் நாம் மகிழ்ச்சியோடு பாடுகிறவர்கள். ஆகையால், "கள்ள உபதேசக்காரருக்கு வந்தது நமக்கென்ன?" என்பாரும் நம்மிடையே உண்டு. அது என்னைக் கலங்கப்பண்ணுகிறது. பரிந்து பேச ஆளில்லாத சிறு கூட்டத்தின்மேல்தானே அதிகாரம் முதலில் கைவைக்கிறது!

உயர்நீதிமன்றம் அவர்கள் மனுவைத் தள்ளிற்று. உச்சநீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்காடுவது விசுவாசக் குறைவு என்கிறவர்கள், பவுல் இராயனுக்கு அபயமிட்டதை (அப்போஸ்தலர் 25) மறந்துபோகிறார்கள். 1986 ஆகஸ்ட் 11 அன்று நீதிபதிகள் சின்னப்ப ரெட்டியும் தத்தும் தீர்ப்பளித்தார்கள்: தேசியகீதத்தைப் பாடியே ஆகவேண்டுமென்று சட்டம் எதுவுமில்லை, மரியாதையாய் மௌனமாக நிற்பது அவமதிப்பாகாது, பிள்ளைகளை மீண்டும் சேர்க்கவேண்டும். அந்த விசுவாசம் நீதிபதிகளின் அறிவுக்கு ஏற்றதாய்த் தோன்றவேண்டியதில்லை, மனச்சாட்சியின்படி மெய்யாய்ப் பற்றிக்கொள்ளப்பட்டிருந்தால் போதும் என்றும் கண்டார்கள். நம்மில் பலருக்கு இல்லாத விசாலம் அது.

மும்பையிலும் டெல்லியிலும் பெங்களூரிலும் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோரே, பள்ளியில் நடக்கும் பூஜையில் கும்பிட உங்கள் பிள்ளையின் மனம் இடறினால், முகத்தைச் சுளிக்கவோ பரிகசிக்கவோ கற்றுக்கொடாதிருங்கள். தூராவின் வாலிபர் ராஜாவை ஏசவில்லை. பிள்ளை அமைதியாய் நிற்கட்டும். நீங்கள் தலைமையாசிரியரை நேரில் கண்டு தாழ்மையாய்ப் பேசுங்கள். தனியே போகத் தயக்கமானால் போதகரை அழைத்துக்கொள்ளுங்கள். அரசின் அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில், பெற்றோரின் சம்மதமின்றி எந்தப் பிள்ளையையும் மத வழிபாட்டில் பங்குபெறச் செய்யலாகாது என்கிறது அரசியல் சாசனத்தின் 28(3)ஆம் பிரிவு. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். நம் மிஷன் பள்ளிகளின் ஜெபவேளையில் பேசாமல் நிற்கும் பிறமதப் பிள்ளைக்கும் அதே பிரிவு உண்டு.