தண்ணியா, வழுக்கையா?

பொள்ளாச்சி ரோட்டில் இளநீர் வண்டி முன்னால் போய் நின்றால் முதல் கேள்வியே, "தண்ணியாங், வழுக்கையாங்?" என்பதுதான். அரிவாள் முதுகால் ரெண்டு தட்டு தட்டி நமக்கு ஏற்ற காயை எடுத்துச் சீவிக் கொடுத்துவிடுவார். ஒரு டஜன் கோல்ஃப் பந்துக்கு ஆயிரக்கணக்கில் எண்ணி வைக்கிறேன், அப்படி ஒரு கேள்வி கேட்க ஆளில்லை.

எனக்கு வயது 64. பம்ப்செட் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார் டாக்டர். சும்மா நடக்க மனசு வராமல் கிடந்தவனை நண்பர் ஒருவர் செட்டிபாளையம் கோல்ஃப் மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். மச்சினன் மகன் ஒரு கருவியை வைத்து என் ஸ்விங்கை அளந்தான். மணிக்கு 72 மைல். டிவியில் வருகிற அமெரிக்க ஆட்டக்காரர்கள் சராசரியாக 115 மைலை ஒட்டி வீசுகிறார்கள். "மாமா, உங்களுக்கு சாஃப்ட் பால்தானுங்க சரி" என்றான். அங்கே பிடித்தது சனி.

கடையில் போய்க் கேட்டேன். பெட்டி பெட்டியாக எடுத்து வைத்தான் பையன். சாஃப்ட், சூப்பர் சாஃப்ட், டூர் சாஃப்ட். அந்த வார்த்தையை அச்சடிக்காத பெட்டியைத்தான் தேட வேண்டும். எவ்வளவு சாஃப்ட் என்று கேட்டதும், "நல்லா சாஃப்ட்டா இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டு, விலை அதிகமான பெட்டியை என் பக்கம் நகர்த்தினான். "புரோவெல்லாம் இதுதான் அடிக்கிறாங்க." அவர்கள் அடிக்கட்டும் தம்பி, முழங்கை என்னுடையது.

எங்கள் கோயமுத்தூர் நூலுக்குக் கவுண்ட் பார்த்து வாங்கின ஊர். நாற்பதாம் நம்பர் கேட்டால் நாற்பதுதான், அறுபது கேட்டால் அறுபதுதான். நாங்கள் விற்ற மோட்டாரில் ஒரு தகடு இருக்கும். எச்.பி., ஹெட், டிஸ்சார்ஜ் எல்லாம் அதில் பொறித்திருக்கும். தொண்டாமுத்தூர்த் தோட்டக்காரர் அதைப் படித்துப் பார்க்காமல் மடியை அவிழ்க்க மாட்டார். பந்துக்கும் அப்படி ஒரு எண் உண்டு, கம்ப்ரெஷன் என்று பெயர். எண் குறையக் குறையப் பந்து மெத்தென்று இருக்கும். கேலவே சூப்பர்சாஃப்ட் நாற்பதை ஒட்டி, ஸ்ரிக்சன் சாஃப்ட் ஃபீல் அறுபதை ஒட்டி, டைட்டலிஸ்ட் புரோ வி1 தொண்ணூறை ஒட்டி. இதெல்லாம் நானாகத் தேடிப் பிடித்ததுதான். நான் புரட்டிய பெட்டிகளில் ஒன்றிலாவது அந்த எண் இல்லை.

பந்தின் மேலேயே 1, 2, 3, 4 என்று போட்டிருக்கிறதே, அதுதான் என்று ஆறு மாசம் நம்பிக் கொண்டிருந்தேன். 4 கெட்டி, 1 மெத்து. சிரிக்காதீர்கள். அது என் பந்து எது, உங்கள் பந்து எது என்று அடையாளம் பார்க்கிறதுக்காம். ஒரு காலத்தில் அந்த எண்ணின் நிறத்துக்காவது அர்த்தம் இருந்திருக்கிறது: கறுப்பு என்றால் 100, சிவப்பு என்றால் 90. அதுவும் போயிற்று.

கோல்ஃப் விதிகளை எழுதுகிற ரெண்டு பெரிய சங்கங்களும், எடை 45.93 கிராமுக்கு மேல் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று புள்ளி சுத்தமாக எழுதி வைத்திருக்கின்றன. எவ்வளவு மெத்து என்பதைப் பற்றி மூச்சில்லை. பந்து எவ்வளவு தூரம் போகிறது என்று சோதிக்கிற எந்திரமும் 120 மைல் வேகத்தில் அடிப்பதுதான். 72 மைல்காரன் ஒருத்தன் கோயமுத்தூரில் இருக்கிறான் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

மைதானத்துப் பெரியவர்கள் இன்னொரு பாட்டு பாடுவார்கள்: "மெதுவா அடிக்கிறவனுக்குக் கெட்டிப் பந்து அமுங்காதுங்க, அதான் தூரம் போறதில்ல." எந்த அடிக்கும் பந்து கொஞ்சம் அமுங்கத்தான் செய்யும். எந்திரத்தால் அடித்துப் பார்த்தவர்கள், பொதுவாகக் கெட்டிப் பந்துதான் வேகமாகக் கிளம்புகிறது, மெதுவான ஸ்விங்கில் அந்த வித்தியாசம் சுருங்கிவிடுகிறது என்கிறார்கள். ஆக, மெத்துப் பந்து என்னைப் பத்து கஜம் தூக்கி விடப் போவதில்லை. எனக்குத் தூரமும் வேண்டாம். மார்கழிக் காலையில், குளிரில் விறைத்த கெட்டிப் பந்து மட்டையின் ஓரத்தில் பட்டால் விரலில் பிடித்து முழங்கை வரை சுர்ரென்று ஏறும். அன்றைக்குக் காபி டம்ளரை இடது கையால்தான் தூக்க வேண்டும். அது இல்லாமல் இருந்தால் போதும்.

விலையும் குறைவாக இருக்க வேண்டும். ஏனென்றால் தொலைக்கிறேன். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்தால் என் பந்து நான் சொன்ன பக்கம் போவதில்லை, வேலிக்காத்தான் புதருக்குள் போகிறது. ஒரு மயில் நின்று பார்க்கிறது. யூரேத்தேன் தோல் போட்ட விலைப் பந்து கிரீனில் சுழன்று சட்டென்று நிற்குமாம். முதலில் அது கிரீனுக்குப் போக வேண்டுமே! அயனோமர் தோல் மலிவு, முள்ளில் உரசினாலும் லேசில் கிழியாது. நமக்கு அது போதும்.

கடைசியில் என் சங்கடத்தைப் புரிந்துகொண்டவர் கேடிதான். (மட்டைப் பை தூக்கி வருகிறவரைத் தமிழில் எழுதினால் போலீஸ் ஸ்டேஷன் போட்டோ மாதிரி ஆகிவிடுகிறது, என்ன செய்ய?) பாக்கெட்டிலிருந்து, எங்கேயோ கண்டெடுத்த ரெண்டு பந்தை எடுத்துப் பேன்ட்டில் துடைத்து, சிமென்ட் பாதையில் ஒவ்வொன்றாகப் போட்டார். ஒன்று "டக்" என்றது, மற்றது "தொப்" என்றது. "இது கல்லுங். இது உங்களுக்கு ஆவுங்" என்று ரெண்டாவதை நீட்டினார். அன்றைக்கு ஒன்பது குழி ஆடியும் கை வலிக்கவில்லை.

பெயரைச் சீட்டில் குறித்துக்கொண்டு மறுநாளே கடைக்குப் போனேன். பையன் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அது பழைய மாடல் சார், இப்ப வர்றதில்ல. அதைவிட சாஃப்ட்டா ஒண்ணு வந்திருக்கு, காட்டட்டுங்களா?"