தனிவழிக்காரர்கள்

ஹைதராபாத்தில் குடியேறிய தமிழர்களில் பெரும்பாலோர் உத்தியோகத்தை முன்னிட்டு வந்தவர்களேயன்றி ஊர் பார்க்க வந்தவர்கள் அல்லர். அதனால்தானோ என்னவோ, ஏறக்குறைய 350 வருஷங்களுக்கு முன்பு இதே ஊரைத் தேடிக் கடலும் பாலைவனமும் கடந்து வந்து, கண்டதையெல்லாம் சாவகாசமாக எழுதி வைத்துவிட்டுப் போன பிரெஞ்சுக்காரர்களைப் பற்றி நம்மிடையே பேச்சு எழுவதே அபூர்வமாக இருக்கிறது. தவெர்னியே என்ற ரத்தின வியாபாரி, பெர்னியே என்ற வைத்தியர், ஊர் பார்ப்பதைத் தவிர வேறு தொழில் வைத்துக்கொள்ளாத தெவெனோ என்ற இளைஞர் ஆகிய மூவரும், குதுப் ஷாஹி சுல்தான்கள் ஆண்ட காலத்தில் கோல்கொண்டாவுக்கு வந்தவர்கள்.

தனியே பிரயாணம் செய்தவர்கள் என்று இவர்களைச் சொன்னால் இன்றைய இளைஞர்கள் சிரிப்பார்கள். முதுகிலே ஒரு பையோடும் கையிலே ஒரு போனோடும் புறப்படுகிற வழக்கம் அப்போது இல்லை. கௌரவமாகப் பிரயாணம் செய்ய விரும்புகிறவன் வில்லும் துப்பாக்கியும் ஏந்திய இருபது முப்பது சேவகர்களை, ஆளுக்கு மாதம் நாலு ரூபாய்க்குக் குறையாமல் சம்பளம் பேசி அமர்த்திக்கொள்ள வேண்டும் என்று தவெர்னியே கணக்கோடு எழுதியிருக்கிறார். (எதற்கும் விலை சொல்லாமல் அவரால் ஒரு பக்கத்தைக் கூடத் தாண்ட முடியாது.) ஆயினும் அத்தனை பரிவாரத்தின் நடுவிலும் அந்த மனிதர் தனியர்தாம், ஏனெனில் ராத்திரி சத்திரத்தில் படுக்கை விரித்த பிறகு தம் சொந்த பாஷையில் நாலு வார்த்தை பேசுவதற்கு அந்த முப்பது பேரில் ஒருவர்கூட இல்லை.

ஆகையினால் இப்படிப்பட்டவர்கள் வழியில் ஒருவருக்கு ஒருவர் எதிர்ப்பட்டபோது சேர்ந்துகொண்டார்கள். சேர்ந்த வேகத்திலேயே பிரிந்தும் போனார்கள். 1665 பிப்ரவரியில் பாரசீகத்து இஸ்பஹான் நகரத்தில் தெவெனோ, தம்மைவிட 28 வயது மூத்தவரான தவெர்னியேயுடன் கூடிக்கொண்டு, ஷீராஸ், லார் வழியாகப் பந்தர் அப்பாஸ் துறைமுகம் வரையில் வந்தார். அங்கே டச்சுக்காரர்களின் விரோதத்தால் கப்பல் கிடைப்பது கஷ்டமாயிற்று. தவெர்னியே எப்படியோ இந்தியாவுக்குக் கிளம்பிவிட்டார். தெவெனோ திரும்பி நடந்து, பெர்ஸிபோலிஸ் இடிபாடுகளைப் பார்த்துவிட்டு, பாஸ்ராவுக்குப் போய், நவம்பரில் அங்கிருந்து கப்பலேறி, 1666 ஜனவரி 10-ந் தேதி சூரத்தில் இறங்கினார். இதற்கிடையில் தவெர்னியே ஆக்ராவில் பெர்னியேயைச் சேர்த்துக்கொண்டு வங்காளத்தை நோக்கிப் பயணமாகி, அதே ஜனவரியில் ராஜ்மஹாலில் அவரையும் பிரிந்து டாக்காவுக்குப் போய்விட்டார். சகபிரயாணியின் பொருட்டு ஒருவரும் தம் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. இதை மனத்தின் வறட்சி என்று சொல்லுகிறவர்கள் உண்டு. எனக்கோ இதுவே நல்ல சகவாசத்தின் லட்சணமாகத் தோன்றுகிறது. தவெர்னியேக்குக் கப்பல் கிடைத்ததற்காகத் தெவெனோ வருத்தப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பெர்ஸிபோலிஸைப் பார்த்திருக்க மாட்டார். மறு வருஷமே, 34 வயதில், பாரசீகத்து மியானாவில் அவர் ஆயுள் முடிந்துபோனதை நினைக்கும்போது, அந்தத் திரும்புதலை நஷ்டக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

தவெர்னியேயின் சந்திப்புகளில் மிக விசித்திரமானது 1652-இல் கண்டிக்கோட்டையில் நேர்ந்தது. கோல்கொண்டாவின் பிரதானியான மீர் ஜும்லாவைக் காண அவர் அங்கே போனபோது, பெண்ணாற்றின் பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்கும் அந்த மலைக்கோட்டையில், பிரான்ஸின் பழம்பெரும் பட்டணமாகிய பூர்ஜைச் சேர்ந்த க்ளோத் மையி என்பவர், கோயில்களிலிருந்து வாரிக்கொண்டு வந்த செப்பு விக்கிரகங்களை உருக்கிப் பீரங்கி வார்க்கும் உத்தியோகத்தில் இருந்தார். கண்டிக்கோட்டைக் கோயிலின் சில விக்கிரகங்கள் மட்டும் எத்தனை நெருப்பு மூட்டியும் உருக மறுத்துவிட்டனவாம். மையி அதற்கு என்ன காரணம் நினைத்தாரோ, நம்மவர்கள் நினைத்ததை நான் எழுத வேண்டியதில்லை.

தன் பாஷை காதில் விழுந்தவுடன் மனிதனுக்கு ஏற்படுகிற சபலம் எனக்கும் தெரியும். பத்மாராவ் நகர்ப் பக்கத்தில் எங்காவது தமிழ் கேட்டால், "சாருக்கு எந்த ஊரு?" என்று கேட்காமல் என்னால் தாண்டிப் போக முடிவதில்லை. தவெர்னியே மூசி நதியைக் கடந்தபோதும் ஏறக்குறைய இதே சபலந்தான் அவரைப் பிடித்திருக்க வேண்டும். 1578-இல் கட்டப்பட்ட புரானா புல் பாலத்தைப் பார்த்துவிட்டு, பாரீஸின் போன் நெஃப் பாலத்துக்கு அழகில் இது அதிகம் குறைந்ததல்ல என்று எழுதுகிறார். புரானா புல்லின் மேல் இன்று காய்கறிக் கடைகள் இருக்கின்றன.

இப்படி வந்த பிரெஞ்சுக்காரர்களில் போகாமல் தங்கிவிட்டவரும் ஒருவர் உண்டு. 1775-இல் புதுச்சேரியில் வந்திறங்கி, பிறகு நிஜாம் அலி கானின் சேவகத்தில் பெரிய படைக்குத் தலைவராகி, 1798 மார்ச்சில் இறந்துபோன ரேமோன் (இங்கிலீஷில் ரேமண்ட்) என்ற அவரை முஸ்லிம்கள் மூஸா ரஹீம் என்றும் ஹிந்துக்கள் மூஸா ராம் என்றும் அழைத்தார்கள். அவர் பெயரை இன்று மூஸாராம்பாக் மெட்ரோ நிலையமும் தாங்கி நிற்கிறது. அவர் இறந்த அதே வருஷம் அக்டோபரில் ஆங்கிலேயர் அவருடைய படையைக் கலைத்துவிட்டார்கள். ஆனால் வருஷந்தோறும் அவர் சமாதியில் ஜனங்கள் கூடி விளக்கேற்றும் வழக்கம் நெடுநாள் நீடித்தது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அஸ்மான்கட் மேட்டில் உள்ள அந்தச் சமாதிக்குப் போயிருந்தேன். 2001-ஆம் வருஷத்து மழையில் இடிந்து, பின்னர் எடுத்துக் கட்டப்பட்ட தூண் மண்டபத்தின் நிழலில், லியோன் நகரத்திலிருந்து வந்த ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரும், திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர் ஒருவரும் ஏற்கெனவே சம்பாஷணையில் இருந்தார்கள். இருவரும் தனியே வந்தவர்கள், அரைமணி நேரத்துக்கு முன்பு ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ரேமண்ட் என்று சொன்னவுடன் ஆட்டோக்காரர் அந்த அம்மாளைக் கோட்டுத் துணி விற்கும் கடைவாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாராம். "அண்ணாச்சி, நீங்க இந்த ஊருதானா? மசூலிப்பட்டணத்துக்கு எப்படிப் போகணும்னு அம்மா கேக்காங்க," என்றார் இளைஞர். மகாத்மா காந்தி பஸ் நிலையத்திலிருந்து விஜயவாடா வழியாகப் போகலாம் என்று நான் சொன்னதும், தாமும் மறுநாள் விஜயவாடாவுக்குத்தான் போவதாகவும், அதுவரையில் அம்மாளுடன் ஒரே பஸ்ஸில் போகலாம் என்றும் அவர் சொன்னார். விஜயவாடாவுக்கு அப்புறம் என்ன செய்வதாக உத்தேசம் என்று இருவரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை, நானும் கேட்கவில்லை.